முப்பதா, முப்பத்தைந்தா

கோஸ்கி கிராமம், மேல் மிச்சிகன்
மார்ச் 11, 1956

அன்புள்ள தம்பி ரெய்னோவுக்கு,

அக்கா லெம்பி எழுதுகிறேன். இங்கே நான், உன் மச்சான் தவுனோ, பசுக்கள் இரண்டு, எல்லோரும் சுகம். பனி இன்னும் ஜன்னல் கட்டை வரை நிற்கிறது. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய காப்பித்தூள் நேற்றோடு தீர்ந்தது. உன் இருமல் எப்படி இருக்கிறது? டெட்ராய்ட்டில் நீங்கள் எல்லோரும் காற்றுக்குப் பதில் புகையைத்தான் இழுக்கிறீர்கள் என்று நம் பாதிரியார் சொல்கிறார். அவர் டெட்ராய்ட்டைப் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

ஒரு யோசனை கேட்க வேண்டும். துப்பாக்கி யோசனை. சிரிக்காதே. இந்த நவம்பரில் மறுபடியும் மான் வேட்டைக்குப் போகப் போவதாக உன் மச்சான் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஐந்து குளிர்காலமாக ஓல்லி நியெமி வீட்டு இறைச்சியைத் தின்கிறோம். அவர் மனசாரத்தான் கொடுக்கிறார். ஆனால் ஓல்லியின் வண்டிச் சத்தம் கேட்டாலே இவர் மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விடுகிறார்.

டாக்டர் பார்த்துவிட்டு, "வலது தோள்ல துப்பாக்கிய வைக்கவே கூடாது. இடது தோள்ல வெச்சுச் சுட முடியும்னா சுடுங்க" என்றார். வலது கை இன்னும் நெஞ்சுக்கு மேலே எழும்பாது. பழைய துப்பாக்கியில் தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட் வலப்பக்கம் இருப்பதால் அது உதவாது. லீவர் துப்பாக்கி என்றால் அடியில் இருக்கும் பிடியை இடது கையாலேயே தள்ளி இழுக்கலாமாம். எந்த அளவுத் தோட்டா என்று கடையில் கேட்டார்கள். "முப்பதுன்னா என்ன, முப்பத்தஞ்சுன்னா என்ன, எனக்குக் கவுன் அளவுதான் தெரியும்" என்றேன். "உங்க தம்பியக் கேளுங்க, அவனுக்குத் தெரியாத துப்பாக்கி இல்ல" என்று சொன்ன கடைக்காரர் உடனே வாயைப் பொத்திக்கொண்டு பெட்டிகளை அடுக்கப் போய்விட்டார்.

கேட்டுவிட்டேன். எழுது.

உன் உடம்பை நினைத்துக்கொண்டே இருக்கும்,
லெம்பி


டெட்ராய்ட்
மார்ச் 25, 1956

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் நின்றுவிட்டது. காப்பித்தூள் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

கேட்கிறாயே என்று எழுதுகிறேன். ஆனால் அக்கா, அந்தத் தோளில் குண்டை வைத்தவன் நான். அவருக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுக்க ஊரில் வேறு ஆளே இல்லையா?

சரி. எண் என்பது குழலின் துளை அகலம். முப்பது என்றால் ஓர் அங்குலத்தை நூறாக்கினால் அதில் முப்பது பங்கு. இரட்டை எண் சொன்னால் முதலாவது துளை, இரண்டாவது வெடிமருந்தின் எடை. எண் பெரிதானால் பெரும்பாலும் குண்டும் கனமாகும், குண்டு கனத்தால் துப்பாக்கி திருப்பி உதைக்கும். முப்பத்தைந்தின் உதை பழகாத இடது தோளுக்கு அதிகம். முப்பது-முப்பது நடுத்தரம். இருபத்தைந்து-முப்பத்தைந்து என்று ஒன்று உண்டு, அது குழந்தை தட்டுவதுபோல் இருக்கும். மான் ஐம்பது கஜத்துக்குள் வந்தால் அதுவே போதும். புதிதாகச் செய்வதில்லை, பழையதாகத் தேட வேண்டும். அதையே வாங்கு.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி,
ரெய்னோ


கோஸ்கி
ஏப்ரல் 8, 1956

அன்புள்ள தம்பிக்கு,

காப்பி வந்தது. கடிதமும் வந்தது. இரண்டிலும் கடிதம்தான் கசப்பு. "எல்லோரையும்" என்று எழுதியிருக்கிறாய். இந்த வீட்டில் எல்லோரும் என்றால் ஒரே ஒருவர்தான், அவருக்குப் பெயர் இருக்கிறது.

உன் யோசனையைப் படித்துக் காட்டினேன். இருபத்தைந்து என்றதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். "அதுல அணில் சுடலாம். அணில் கூடச் சிரிச்சிட்டுப் போகும்" என்றார். "அப்ப எதுதான் வேணும் உங்களுக்கு?" என்றேன். "முப்பத்தஞ்சு. புதருக்குள்ள மான் நின்னாலும் கிளையத் தள்ளிக்கிட்டுப் போகும். எதுக்குப் புதுசு? மேல அலமாரில ரெய்னோ விட்டுட்டுப் போனது கம்பளில சுத்திக் கெடக்குல்ல, அத எடு. அதுக்கும் எனக்கும் முன்னாடியே அறிமுகம் உண்டு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். இந்த ஐந்து வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

இன்னொன்று. வேட்டைக் குடிலுக்குப் பெரியவர் ஓல்லிதானே. பக்கத்தில் ஓர் ஆள் உட்காருவதானால்தான் இவரைச் சேர்ப்பேன் என்கிறார். மான் விழுந்தால் இழுக்க வேண்டும், இவர் விழுந்தாலும் இழுக்க வேண்டும். "யார உக்கார வெக்கட்டும்?" என்று ஓல்லி கேட்டதற்கு இவர், "வர்றவன் வருவான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அது யாரென்று ஓல்லிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வருவாயா ரெய்னோ?

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

லெம்பி


கோஸ்கி
ஜூன் 3, 1956

அன்புள்ள ரெய்னோ,

எட்டு வாரமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா என்று உன் வீட்டுக்கார அம்மாளுக்குத் தனியாக ஒரு கார்டு போட்டேன். நீ நன்றாக இருக்கிறாய், முட்டைக்கோஸ் வாசனை வருகிறது என்று மட்டும் புகார் சொல்கிறாய் என்று எழுதியிருந்தாள். மனசு ஆறியது, கோபமும் வந்தது.

அந்த வேடிக்கைப் பேச்சை நான் உனக்கு எழுதியிருக்கக் கூடாது. அது அவருடைய ரணம், அவர் சிரிக்கலாம். உனக்கு அது வெந்த புண்ணில் வேல் என்று கடிதத்தைப் பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது. தபால் வண்டிக்குப் பின்னால் ஓடவா முடியும்? என் வாய் அப்படி. அதற்காக அக்காவை ஒதுக்கிவிடாதே.

பனி போய்க் கொசு வந்துவிட்டது. உன் மச்சான் ஒரு வேலிக்கழியை வைத்துக்கொண்டு இடது தோளில் ஏந்திப் பழகுகிறார். பசுக்கள் பயப்படுகின்றன. முப்பதா, முப்பத்தைந்தா, ஒரு வார்த்தை எழுது. வருவதைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அக்கா


டெட்ராய்ட்
ஜூன் 17, 1956

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். ஒதுக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

முப்பத்தைந்து வேண்டாம். உதைக்காகச் சொல்லவில்லை. கனமான குண்டு கிளையைத் தள்ளிக்கொண்டு போகும் என்ற பேச்சை நம் குடிலில் எல்லோரும் நம்பினோம். நான்தான் அதிகம் நம்பினேன். அதை நம்புகிறவன் புதருக்குள் சுடுவான். கையில் இருப்பது கிளையில் திரும்பிவிடும் என்ற பயம் உள்ளவன் மான் வெளியே வரும்வரை காத்திருப்பான். கொம்பைப் பார்ப்பான். அவருக்கு முப்பது-முப்பது வாங்கு. உதை தாங்கும், தோட்டா எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். மேல் அலமாரியில் இருப்பதை யாருக்கும் கொடுக்காதே, விற்காதே. ஏரியில் போட்டுவிடு.

நவம்பரில் வர முடியாது. வேலை.

அதுவும் பொய். போன மாதம் என்னைக் கார்களுக்குச் சாயம் பூசும் பகுதிக்கு மேற்பார்வையாளராகப் போடுவதாகச் சொன்னார்கள். கம்பித் தடுப்புக்குள் தனி மேஜை, சம்பளமும் கூடுதல். சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் வேலை. முடியாதென்று சொல்லிவிட்டேன். மச்சானைச் சுட்ட அன்றைக்கு நான் காவல் அதிகாரியிடம் சிவப்பு எதுவும் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். மனுஷன் என்று தெரிவதற்கான சிவப்புத் தொப்பியைத் தலையில் வைக்காமல் யாரும் குடிலைவிட்டு இறங்கக் கூடாது, அவரும் காலையில் வைத்துக்கொண்டுதான் இறங்கினார், எல்லோரும் பார்த்தார்கள். அப்படியென்றால் சிவப்பு அங்கே இருந்திருக்கிறது, என் கண்தான் மானுக்கு ஆசைப்பட்டு அதை விழுங்கியிருக்கிறது. இங்கே நான்கு கண் டாக்டர்களிடம் போய்விட்டேன். நால்வரும் கண்ணில் குறையில்லை என்கிறார்கள். சிவப்பை நம்பி எனக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று கம்பெனியில் எப்படிச் சொல்வது? தலைவலி என்றேன்.

நீ வருத்தப்பட எழுதவில்லை. மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

ரெய்னோ


கோஸ்கி
ஜூலை 29, 1956

அன்புள்ள தம்பி,

நீ நலமா என்று கேட்க எனக்கு இன்றைக்கு வாய் வரவில்லை.

ஆறு வாரமாயிற்று. வைக்கோல் அறுப்பு என்று சாக்குச் சொல்லலாம். அறுப்பும் இருந்தது. ஆனால் தாமதம் அதனால் இல்லை. உன் கடிதத்தில் நான்கு கண் டாக்டர் என்று எழுதிய இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவேன். மறுபடியும் எடுப்பேன், மறுபடியும் அங்கேயே நிற்பேன்.

அந்த நவம்பர் பதினைந்தில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, அவருடைய பழுப்புக் கோட்டை ஓல்லி நம் வீட்டில் கொண்டுவந்து போட்டார். இரண்டு நாள் கழித்து உப்புத்தண்ணீரில் ஊறவைக்க எடுத்தேன். இடப்பக்க உள்பையில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. பைக்குப் பொத்தான் போட்டிருந்தது. திறந்தால் அவருடைய சிவப்புத் தொப்பி. நான்காக மடித்திருந்தது. வலப்பக்கம் முழுக்க ரத்தமாயிருந்த கோட்டில் அந்தத் தொப்பிமேல் ஒரு சொட்டு இல்லை.

விழுந்தபோது தொப்பி பனிக்குள் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஓல்லி தேடக்கூடச் செய்தார். பனிக்குள் போன தொப்பி எழுந்து வந்து, மடிந்து, பைக்குள் புகுந்து, பொத்தானும் போட்டுக்கொள்ளுமா?

நீ பார்த்தது சரி ரெய்னோ. அங்கே சிவப்பு இல்லை.

முந்தின மாலை யார் எங்கே பதுங்குவது என்று குச்சி இழுத்தீர்களே. சதுப்போரம் உனக்கு விழுந்தது. அவருக்குக் குடிலுக்குப் பின்னால், ஒன்றும் வராத இடம். மூன்று வருஷமாக அவர் கனவிலெல்லாம் வந்த பெரிய கொம்பு மான் உன் பக்கத்தில்தான் தடம் போட்டிருந்தது. மதியம்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது உங்கள் சட்டம். அவர் நகர்ந்திருக்கிறார். நீ பார்த்துவிடக் கூடாதென்று தொப்பியைக் கழற்றியிருக்கிறார். இது என் கணக்கு. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொப்பி என்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஏன் மறைத்தேன்? கை இருக்குமா போகுமா என்று அவர் கிடந்தார். ஊர் முழுக்க இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தில்தான் விறகு வந்தது, இறைச்சி வந்தது, வைக்கோல் அறுக்க ஆள் வந்தது. தொப்பியை வெளியே எடுத்தால் எல்லாம் நின்றுபோகும். உனக்கு இரண்டு கையும் இருந்தது, வயசு இருந்தது. உடன்பிறந்தவன்தானே, தாங்குவான் என்று உன் தலையில் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு ஐந்து வருஷமாக உனக்கு இருமல் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ கொம்பைப் பார்க்காமல் சுட்டாய். அது உன் பங்கு, அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் பங்கையும் நீயே சுமந்தாய். சுமக்கவிட்டவள் நான்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

லெம்பி


டெட்ராய்ட்
செப்டம்பர் 3, 1956

லெம்பி அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. திட்டி நான்கு கடிதம் எழுதி நான்கையும் கிழித்தேன். இது ஐந்தாவது.

உன் கடிதத்தைத் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் படித்தேன். பிறகு வேலைக்குத் திரும்பாமல் வெளியே நடந்தேன். நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணைந்து மறுபடி எரியும்வரை நின்று பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். பின்னால் வந்த ஒருவர், "தாண்டறதுக்கு நல்ல நாள் பாக்குறியாப்பா?" என்று கேட்டார். மூலைக் கடையில் ஒரு கூடை தக்காளி வாங்கினேன். எனக்குத் தக்காளி பிடிக்காது. ஜன்னலில் வரிசையாக வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தேன் அக்கா, நிஜமாகவே.

மறுநாள் கோபம் வந்தது. மச்சான்மேல் வரவில்லை. அவர் கொடுத்த விலை அவர் தோளிலேயே இருக்கிறது. உன்மேல் வந்தது. அம்மா செத்தபோது நான் வரவில்லை. கல்லறையில் எல்லோரும் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்ற பயத்தில் வரவில்லை. பிள்ளை கண்மண் தெரியாமல் மனுஷனைச் சுட்டவன் என்று நினைத்துக்கொண்டே அம்மா போய்ச் சேர்ந்தாள். ஊருக்குக் காட்டாவிட்டால் போகிறது. அந்தத் தொப்பியை நீ அம்மாவிடமாவது காட்டியிருக்கலாம்.

நான் சுட்டது சுட்டதுதான். சிவப்பு தெரியவில்லை என்பது சுடுவதற்கு அனுமதி ஆகாது. அதை எனக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை.

முப்பது-முப்பதே வாங்கு. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ரெய்னோ


கோஸ்கி
செப்டம்பர் 23, 1956

அன்புள்ள தம்பி,

நீ எழுதினாய், அதுவே பெரிது. இங்கே உடம்புக்குக் குறைவில்லை.

அம்மாவிடம் காட்டியிருக்கத்தான் வேண்டும். காட்டவில்லை.

போன வாரம் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தேன். உன் மச்சான் ஒற்றைக் கையால் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் சொல்ல மாட்டேன் என்று பசுவின் வயிற்றில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டே சொன்னேன். "உங்க தொப்பி எங்கிட்ட இருக்கு."

வைக்கோல் தள்ளும் சத்தம் நின்றது. "எந்தத் தொப்பி?" என்று அவர் கேட்கவில்லை. "எவ்வளவு நாளா?" என்றார்.

"அஞ்சு வருஷமா."

"அஞ்சு வருஷமும் என்னப் பத்தி என்னதான் நெனச்சே?"

"சோறு போட்டேன்ல. நெனச்சதோட போட்டேன்."

பிறகு, "ரெய்னோவுக்குத் தெரியுமா?" என்றார். எழுதிவிட்டேன் என்றேன். கண் டாக்டர்களைப் பற்றியும் சொன்னேன். வைக்கோல்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார். இரவுச் சாப்பாட்டுக்கு வந்தபோது, "நாலு பேருகிட்டயா போனான்?" என்று மட்டும் கேட்டார். சாப்பிடவில்லை.

முப்பது-முப்பது வாங்கியாயிற்று. பழையதுதான், கட்டையில் யாரோ ஒருவர் பெயரைச் செதுக்கி இன்னொருவர் சுரண்டியிருக்கிறார். உன்னுடையதை நீ சொன்னபடி ஏரியில் போட்டுவிட்டேன். படகை நான் துடுப்புப் போட்டு ஓட்ட, அவர் இடது கையால் எறிந்தார். போடுமுன் அதை ஒரு துணியால் துடைத்தார்.

கோபத்தோடேயே இரு, ஆனால் சாப்பிட்டுக்கொண்டு இரு.

லெம்பி


கோஸ்கி
அக்டோபர் 21, 1956

ரெய்னோவுக்கு,

தவுனோ எழுதுவது. சுகம். உன் சுகத்துக்கு ஆண்டவன் துணை. இடது கை எழுத்து, பொறுத்துக்கொள்.

லெம்பி கணக்குப் போட்டது சரி. மான் தடத்தைப் பார்த்தேன், ஆசை விடவில்லை. தொப்பியைக் கழற்றியது நான். கழற்றும்போது உன்னை நினைத்துத்தான் கழற்றினேன், பார்த்துவிடுவாயே என்று.

சொல்லாததற்கு முதலில் வலி காரணம். பிறகு வெட்கம். பிறகு நாளாகிவிட்டது. ஒரு வாரம் சொல்லாததை ஒரு மாதம் கழித்துச் சொல்ல முடியவில்லை, ஒரு வருஷம் கழித்துச் சுத்தமாக முடியவில்லை. நீ ஊருக்கு வராதது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதுதான் உண்மை.

போன வாரம் சனிக்கிழமை சங்கக் கூடத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பியை மேஜைமேல் வைத்துச் சொல்லிவிட்டேன். ஓல்லி கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "அந்தப் பயலப் பத்தி நான் பேசாத பேச்சில்லையேடா" என்றார். என்னைத் திட்டவில்லை, எழுந்து போய்விட்டார். திங்கள்கிழமை காவல் அதிகாரியிடமும் எழுதிக் கொடுத்தேன்.

நான் குடிலுக்கு வரலாம் என்றுதான் ஓல்லி சொல்லியனுப்பியிருக்கிறார். பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது மாறவில்லை. முன்பு என் பக்கத்தில் உட்கார மூன்று பேர் தயாராக இருந்தார்கள். இப்போது யாரும் வாய் திறக்கவில்லை. அது நியாயம்.

உன்னைக் கூப்பிட எனக்கு முகமில்லை. இருந்தாலும் கூப்பிடுகிறேன்.

தவுனோ


டெட்ராய்ட்
நவம்பர் 4, 1956

மச்சானுக்கு,

நலம். உங்கள் எழுத்து என் எழுத்தைவிடத் தேவலை.

பதிமூன்றாம் தேதி சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். துப்பாக்கி எடுத்து வர மாட்டேன், தொடவும் மாட்டேன். பக்கத்தில் உட்காருவேன், அவ்வளவுதான். தோட்டா இரண்டு பெட்டி கொண்டுவருகிறேன், முனை தட்டையாக உள்ளது. யாராவது கூர்முனைத் தோட்டா கொடுத்தால் வாங்காதீர்கள். லீவர் துப்பாக்கியின் குழாயில் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும், கூர்முனை முன்னால் நிற்பதைக் குத்தி வெடிக்க வைத்துவிடும். தெரியாமல் இருக்காது, இருந்தாலும் சொல்கிறேன்.

அக்காவிடம் முட்டைக்கோஸ் சமைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ரெய்னோ


டெட்ராய்ட்
டிசம்பர் 2, 1956

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த ஏலக்காய் ரொட்டி படகில் நீரிணையைத் தாண்டுவதற்குள் தீர்ந்தது. பக்கத்து இருக்கைக் கிழவருக்குப் பாதி போயிற்று. இறைச்சிப் பொட்டலம் ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறது, வீட்டுக்கார அம்மாள் அதற்கும் புகார் சொல்கிறாள்.

பஸ் நிறுத்தத்தில் நீ கேட்டாய், "அவரு உங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரா?" என்று. பஸ் புறப்பட்டுவிட்டது, நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதல் இரண்டு நாளும் நாங்கள் பேசவே இல்லை. மரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். தொப்பியை அவர் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் புதருக்குப் பின்னால் பழுப்பாக ஏதோ அசைந்தது. அவர் துப்பாக்கியைத் தடுப்புக்கட்டையில் வைத்து ஏந்திவிட்டார்.

"கொம்பு தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியல."

"அப்ப வேணாம்."

"நல்ல பெருசு மாப்ளே. முப்பத்தஞ்சா இருந்தா இப்பவே புதரோட சேத்துப் போட்டிருக்கலாம்."

"அதனாலதான் முப்பது வாங்கச் சொன்னேன்."

அவர் துப்பாக்கியை இறக்கினார். கால் மணிநேரம் கை விறைக்கக் காத்திருந்தோம். அது வரவே இல்லை. பிறகு போய்ப் பார்த்தால் என் உள்ளங்கை நீளத்துக்குக் குளம்புத் தடம், சதுப்பைத் தாண்டிப் போயிருந்தது. "போச்சு" என்றார். "போகட்டும்" என்றேன். கடைசி நாள் கிடைத்த சின்னக் கொம்பனைத்தான் நீ பார்த்தாய். திறந்த வெளியில், தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரே தோட்டா.

நான் சொல்ல வந்தது மூன்றாம் நாள் சாயங்காலத்தைப் பற்றி. குடிலில் ஆவிக்குளியலுக்கு இருவர் இருவராகப் போனார்கள். முதல் இரண்டு நாள் நான் ஏதோ சொல்லித் தட்டிக்கழித்தேன். ஏனென்று உனக்குப் புரியும். கோட்டோடு அவரைப் பார்க்க என்னால் முடியும். கோட்டில்லாமல் ஐந்து வருஷமாக மனசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவே போதும் என்றிருந்தது. அன்றைக்கு ஓல்லி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஆண்டவன் முன்னாலயும் குளியலறையிலயும் யாரும் ஒளிய முடியாதுடா, போ" என்று உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

கீழ்ப்பலகையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்குச் சின்னது, ஆனால் எல்லாம் தெரிந்தது. குண்டு புகுந்த இடம் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சின்னதுதான். வெளியே வந்த இடத்தில் என் முஷ்டி உள்ளே போகும். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் தோல் பள்ளமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது.

"பாத்துக்கோ மாப்ளே" என்றார். திரும்பவில்லை.

பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். வாயை மூடிக்கொண்டு அழ முடியவில்லை, சத்தமாகவே அழுதேன். அவர் அடுப்பில் காய்ந்த கல்லின்மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். ஆவி எழுந்து அறை நிறைந்தது. அவர் தோளும் குலுங்கியது, ஒன்று மட்டும்.

நீ கேட்ட மன்னிப்பை அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் நார்த்துணியைப் பின்னால் நீட்டினார். வலது கை எழும்பாததால் முதுகின் அந்தப் பக்கம் அவருக்கு எட்டுவதில்லை. வாங்கிச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தழும்பு வந்ததும் என் கை தானாக மெதுவாகிவிட்டது. தொட்டும் தொடாமலும் போனேன்.

"கண்ணாடியா துடைக்கிற?" என்றார். "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்."

அழுத்தித் தேய்த்தேன்.

உன்மேல் கோபம் பாதிதான் போயிருக்கிறது. ஈஸ்டருக்கு வரும்போது மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி,
ரெய்னோ